போர்டு ஆர்டிஸ்ட் பார்த்த சாந்திநிகேதன்

நவம்பர் 29, வெள்ளி. போல்பூர்

நேற்றுக் காலை சென்ட்ரலில் கோரமண்டல் ஏறி, இன்று ஷாலிமாரில் இறங்கி, ஹௌரா போய் இன்னொரு வண்டி பிடித்து போல்பூர் வந்து சேர்ந்தபோது மாலை வெயில் சாய்ந்துவிட்டது. கையில் ஒரு பை, காலில் வீக்கம். அக்கா மகள் சைக்கிளோடு ஸ்டேஷன் வாசலில் நின்றாள். "என்ன மாமா, பாதியா இளைச்சு வந்து நிக்கிறீங்க?" என்றாள். இரண்டு நாளாக ரயில் பொரிதான் சாப்பாடு. அதிலும் இங்கே பச்சைக் கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கித் தருகிறார்கள். முதல் வாய் மூக்கில் ஏறியது. மூன்றாவது பொட்டலத்தில் பழகிவிட்டது.

அவள் பக்கத்துச் சாந்திநிகேதனில், விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்தின் ஓவியக் கல்லூரியான கலாபவனத்தில் கிராஃபிக்ஸ் படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. கிராஃபிக்ஸ் என்றதும் கம்ப்யூட்டர் படிப்பு என்று நினைத்துத்தான் எங்கள் வீட்டில் சந்தோஷமாக அனுப்பி வைத்தார்கள். கல்லில் வரைந்தும் மரத்தில் செதுக்கியும் மை தடவி அச்செடுக்கிற படிப்பு அது என்பது முதல் விடுமுறையில் அவள் நகக்கண் பார்த்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

என்னைப் பற்றியும் ஒரு வரி. விருதுநகரில் போர்டு ஆர்டிஸ்ட். சுவர் விளம்பரம், கடைப் பலகை, லாரிக்குப் பின்னால் எழுத்து எல்லாம் கைவேலை. பிளக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு நானும் ஒரு பிளக்ஸ் கடை போட்டேன். இளவயதில் சென்னைக்குப் போய் ஓவியம் படிக்க ஆசை இருந்தது. அப்பா, "சுவத்துல எழுதுறதுக்கு எதுக்குடா காலேஜ்?" என்று கேட்டார். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

தங்கும் இடம் போனில் சொன்ன வாடகையைப் போல இரண்டு மடங்கு. மேளா சமயமாம். சரி, வந்தாச்சு.

நவம்பர் 30, சனி

எங்கள் ஊர் கரிசல். இங்கே எல்லாம் செம்மண், காலில் ஒட்டினால் குங்குமம் மாதிரி. 1863இல் தேவேந்திரநாத் தாகூர் இந்தப் பொட்டலில் இரண்டு மரங்களின் நிழலைப் பார்த்து இடம் பிடித்தார் என்று கதை ஆரம்பிக்கிறது. அந்த மரத்தை இங்கே சாத்திம் என்கிறார்கள். கிட்டே போய் இலையை எண்ணினேன். நம்ம ஏழிலைப்பாலை! பட்டமளிப்பு விழாவில் ஒரு காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் அந்த இலைக் கொத்தைத்தான் கொடுத்தார்கள்.

மகன் ரவீந்திரநாத் 1901இல் 5 பிள்ளைகளை வைத்து இங்கே பள்ளி தொடங்கினார். ஓவியத்துக்கென்று கலாபவனம் தொடங்கியது 1919இல். அதே வருடம்தான் ஜெர்மனியில் பௌஹௌஸ் என்ற கலைப் பள்ளி தொடங்கியது. இரண்டும் ஒன்றை ஒன்று அறியாமல் பிறந்தவை. ஆனால் 1922 டிசம்பரில் பௌஹௌஸ் ஆட்களின் ஓவியங்கள் கல்கத்தாவுக்கே காட்சிக்கு வந்தன. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், கலாபவனத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ்.

நம்ம பக்கத்துச் சங்கிலி ஒன்றும் இருக்கிறது. இங்கே ஹேவல் ஹால் என்று ஒரு கூடம். யார் அந்த ஹேவல்? 1884இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்த ஆங்கிலேயர். 1896இல் கல்கத்தா பள்ளிக்குப் போனார். ஐரோப்பியச் சிலைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தது போதும், உங்கள் நாட்டுச் சித்திரத்தைப் பாருங்கள் என்று அங்கே சண்டை போட்டார். அவர் கூட நின்றவர் அவனீந்திரநாத் தாகூர். அவனீந்திரநாத்தின் ஒரு மாணவர் நந்தலால் போஸ் இங்கே வந்து கலாபவனத்துக்கு முதல்வரானார். இன்னொரு மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கல்லூரிக்கு முதல்வராகப் போனார். மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் சுண்டல் சாப்பிட்டவர்கள் எல்லோரும் அவருடைய வேலையைப் பார்த்தவர்கள்தான்.

பகலில் அவள் வளாகத்தைச் சுற்றிக் காட்டினாள். வெளியாட்களை எல்லா இடத்துக்கும் விடுவதில்லை. மாணவி கூட இருந்ததால் என் பாடு சுலபமாயிற்று. மரத்தடி வகுப்பெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் தாண்டுகிறேன். என் கண் போனது சுவருக்கு. இங்கே சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் யாரோ ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள். பழைய நூலகத் தாழ்வாரத்தில் நின்றபோது அவள் சொன்ன விஷயம் என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டது. நந்தலாலுக்கு ஈரச் சுண்ணாம்பில் வரைகிற ஜெய்ப்பூர் முறை வேண்டியிருந்தது. அதற்காக அவர் ஜெய்ப்பூரிலிருந்து நர்சிங்லால் என்ற மிஸ்திரியை வரவழைத்தார். மிஸ்திரி சொல்லிக் கொடுக்க, முதல்வரும் மாணவர்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். கொத்தனாரை வாத்தியாராக்கிய கல்லூரி! அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்க்க ஆசையாக இருந்தது. அவள் முறைத்தாள், விட்டுவிட்டேன்.

1938இல் குஜராத்தில் ஹரிபுரா காங்கிரஸ் மாநாடு நடந்தபோது பந்தல் அலங்காரத்துக்குக் காந்தி கூப்பிட்டது இந்த நந்தலாலைத்தான். மத்தளம் அடிப்பவர், தச்சர், வேட்டைக்காரர், பருத்தி நூற்கிற பெண் என்று கிராமத்து ஆட்களையே தடித்த கோட்டில் வரைந்தார். மாணவர்கள் படியெடுத்தார்கள். ஏறக்குறைய 400 போஸ்டர் ஆனதாம். கட்சி மாநாட்டுக்கு வேலை செய்தவனுக்குத்தான் தெரியும், தேதி நெருங்க நெருங்க ஒரு இரவில் எத்தனை தட்டி எழுத வேண்டியிருக்கும் என்று. நானும் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட மிச்சமில்லை. அவருடையவை மியூசியத்தில் இருக்கின்றன. அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதியில் பக்கங்களுக்குச் சித்திர வேலை செய்ததும் அவரும் அவருடைய மாணவர்களும்தான். படிக்கிற பிள்ளைகளுக்கு வேறென்ன தேர்வு வேண்டும்?

டிசம்பர் 1, ஞாயிறு. மேளா

நந்தலாலின் பிறந்தநாள் டிசம்பர் 3. அதையொட்டி முதல் தேதியும் இரண்டாம் தேதியும் நந்தன் மேளா. உச்சரிப்பு 'நொந்தொன்'. இவர்கள் வாயில் அகரம் எல்லாம் ஒகரம் ஆகிவிடுகிறது.

மேளா என்றால் விற்பனைதான். ஓவியம், சிற்பம், கிராஃபிக்ஸ், டிசைன், கலை வரலாறு என்று ஒவ்வொரு துறையும் கடை போடுகிறது. மரக்கட்டை அச்சில் காலண்டர், கையால் தைத்த நோட்டு, பீங்கான் கிண்ணம், பத்திக் துணி, சுடுமண் தோடு, மூங்கில் விளக்கு. வாத்தியார்களும் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுக்கிறார்கள். வரும் பணம் மாணவர் உதவி நிதிக்கு. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ, பணம் இல்லாமல் படிப்பு நின்றாலோ அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்களாம்.

ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்கிறாள். கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி ஒரு புலம்பல் எப்போதும் உண்டு: உருளைக்கிழங்கு, மறுபடி உருளைக்கிழங்கு, வெள்ளைக் கசகசாவில் உருளைக்கிழங்கு. சாம்பார் பொடி வேண்டும் என்றாள், ஒரு கிலோ கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவுடன் வேறு ஆள். சுண்ணக்கல்லை இன்னொரு கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். ஒருவன் வரைந்து முடித்ததை அடுத்தவன் தேய்த்து அழித்து அதே கல்லில் வரைகிறான். பழைய படம் எங்கே என்று கேட்டேன். "கல்லுக்கு ஞாபகம் கிடையாது மாமா" என்று சிரித்தாள்.

இங்கே வாத்தியாரை 'சார்' என்பதைவிட 'தா', 'தி' என்று அண்ணன், அக்கா முறை வைத்துக் கூப்பிடுவதுதான் வழக்கம். நந்தலால் மட்டும் எல்லோருக்கும் 'மாஸ்டர்மொஷாய்'. அறுபது வயது ஆளைப் பத்தொன்பது வயதுப் பிள்ளை 'அண்ணா' என்று கூப்பிட்டு, அவருடைய டீயையே வாங்கிக் குடிக்கிறது. முதலில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இப்போது என் மானம் போன கதை. சாப்பாட்டுக் கடைக்கு ஒரு போர்டு எழுத வேண்டும். எல்லோரும் வேலையாக இருந்தார்கள். "எங்க மாமா எழுதுவார்" என்று இவள் கோத்துவிட்டாள். எனக்கு வங்காளி தெரியாது. ஒரு பையன் தாளில் எழுதிக் கொடுத்தான். எழுத்து தெரியாவிட்டால் என்ன, வடிவம்தானே? நூல் அடித்து, பென்சில்கூட வைக்காமல், தட்டைப் பிரஷ்ஷில் ஒரே இழுப்பாக எழுதினேன். மேலே கோடு, அதில் தொங்கும் எழுத்துகள். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பல வருடம் கழித்துக் கை நடுங்கவில்லை. நிழல் கொடுத்து, ஓரத்தில் ஒரு மாங்காய்க் கொடியும் போட்டு முடித்தேன். கைதட்டல்.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்கள் வந்து கபாப் கேட்க ஆரம்பித்தார்கள். கடையில் கபாப் இல்லை. சோறு, முட்டைக் கறி, லுச்சி. விசாரித்தால், 'கா-பா-ர்' என்று எழுதியிருக்க வேண்டும், சாப்பாடு என்று அர்த்தம். வங்காளியில் 'ப'வுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ர'. தாளில் இருந்த புள்ளியைப் பேனா மை சிந்தியது என்று நினைத்து விட்டுவிட்டேன். 'காபாப்' ஆகிவிட்டது. புள்ளி வைத்துத் தரேன் என்றேன். வேண்டாம், கூட்டம் வருகிறது என்று பையன்கள் தடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 2, திங்கள்

மேளா இரண்டாம் நாள். கபாப் கேட்டவர்கள் இன்றைக்கும் உண்டு. ஈச்சம் வெல்லம் போட்ட சந்தேஷ் சாப்பிட்டேன், இந்தக் குளிர் காலத்துக்கு மட்டும் வருவது. கருப்பட்டி மணத்துக்குத் தம்பி முறை. ராத்திரி தீப்பந்த வெளிச்சத்தில் பாட்டு, கூத்து. ஒரு மண்ணும் புரியவில்லை, பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

மேளா முடிந்த மைதானம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி. பிள்ளைகள் தூங்கப் போய்விட்டார்கள். இவள் மட்டும் என்னோடு வந்தாள்.

முதலில் ராம்கிங்கர் பைஜ். பாங்குராவில் நாவிதர் குடும்பத்தில் 1906இல் பிறந்தவர். சின்ன வயதில் நாடகத் திரை வரைந்து, சுதந்திரப் போராட்டத் தலைவர்கள் படம் எழுதித் திரிந்தவர். அதாவது என் ஜாதித் தொழில்காரர்! 1925இல் இங்கே வந்தார், அப்புறம் போகவே இல்லை. 1938இல் அவர் செய்த 'சந்தால் குடும்பம்' மைதானத்தில் நிற்கிறது. பிழைப்புத் தேடி ஊர் மாறும் ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பம்: காவடித் தண்டு தூக்கிய அப்பன், தட்டில் உட்கார்ந்த குழந்தை, தலைச்சுமையோடு அம்மா, கூடவே நாய். வெண்கலம் வாங்கக் காசு ஏது? சிமெண்டையும் இந்த ஊர்ச் செம்மண் சரளையையும் கலந்து கையால் அள்ளி அப்பியிருக்கிறார். இப்போது மேலே கூரை போட்டிருக்கிறார்கள். கிட்டே நின்றால் சரளைக் கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. மழுப்பாத வேலை. எங்கள் தொழிலில் பட்டி பார்த்துத் தேய்த்து மழுப்புவதற்குத்தான் கூலி.

பக்கத்தில் 1956இல் செய்த 'ஆலைச் சங்கு'. சங்கு ஊதியதும் அரிசி ஆலைக்கு ஓடும் இரண்டு பெண்கள், காற்றில் பறந்தபடியே காயும் ஈரச் சேலை, பின்னால் ஒரு குழந்தை. சென்னை உழைப்பாளர் சிலையில் நாலு ஆண்களும் பாறையோடு மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே கனம் தெரியும், இங்கே அவசரம். எனக்கு இதுதான் பிடித்தது. எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு ஓடும் அக்காமார்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

மரங்களுக்கு நடுவில் ஒல்லியாக, உயரமாக ஒரு பெண் உருவம், 'சுஜாதா', 1935. அதற்கு மாதிரியாக நின்ற மாணவி சென்னையிலிருந்து வந்த ஜெயா அப்பாசாமி என்று சொல்கிறார்கள். பிற்பாடு ஓவியராகவும் கலை விமர்சகராகவும் பெயர் வாங்கியவர். நந்தலால் பார்த்துவிட்டு, தலையில் ஒரு பாத்திரத்தை வைக்கச் சொன்னாராம். அதோடு அவள் புத்தருக்குப் பாயசம் கொண்டுபோகும் சுஜாதா ஆகிவிட்டாள்.

ராம்கிங்கர் வீட்டுக் கூரை ஒழுகியபோது தன் எண்ணெய் ஓவியத் துணிகளையே கூரையில் செருகிவைத்தார் என்றொரு கதை. 1975இல் சினிமா இயக்குநர் ரித்விக் கடக் அவரைப் படமெடுத்தபோது அவர் வாயாலேயே சொன்னது. எனக்கு இதில் பெருமையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. எங்கள் வீட்டிலும் பழைய பேனர்தான் கூரை.

கறுப்பு வீடு, காலோ பாரி. 1930களில் ஆசிரியரும் மாணவருமாகக் கட்டிய மண் வீடு, மேலே தார். மழைக்கும் கரையானுக்கும் தார்தானே மருந்து. சுவர் முழுக்கப் புடைப்புச் சித்திரம்: சிந்து சமவெளிக் காளை, எகிப்து ஆட்கள், பர்ஹுத் பௌத்தத் தூபிச் சிற்பம். கலை வரலாற்றுப் பாடத்தைச் சுவரில் அப்பி, அதற்குள்ளேயே மாணவர்கள் குடியிருந்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் வெளியே வந்து பார்த்தால் போதும்!

அதற்கு எதிர்மாறாக ஒரு கட்டடம், வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக மிருகம், பறவை, முகம், இலை. செய்தவர் கே.ஜி. சுப்ரமணியன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், வளர்ந்தது மாஹேயில். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். அரசுக் கல்லூரிக் கதவு சாத்தப்பட்டது. 1944இல் இங்கே வந்தார். இவர்களுக்கு அவர் 'மணிதா'. 2009இல், 85 வயதில், சாரம் கட்டி ஏறி இந்தச் சுவரைத் திரும்ப எழுதியிருக்கிறார். எனக்கு ஐம்பத்திரண்டு. ஏணி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக இந்தி பவனம். இதைப் பார்க்க அனுமதி வாங்க அவள் இரண்டு நாள் அலைந்திருக்கிறாள். உள்ளே ஒரு அறை. மூன்று சுவர்களின் மேல்பாதியில் பினோத் பிஹாரி முகர்ஜி 1946, 47இல் வரைந்த பக்தி காலத்துச் சாதுக்கள். மொத்தம் 23 மீட்டர் வரும். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங், நம்ம ராமானுஜர். சாமியார் படம் என்றால் நாங்கள் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுக் கும்பிட வைப்போம். இங்கே அவர்கள் நெசவாளர், குதிரைக்காரர், தண்ணீர் சுமப்பவர் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறார்கள். ஆறு மாதிரி ஓடுகிறது சுவர்.

தொழில் கண்ணோடு பார்த்தால் பயமாக இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பில் காய்வதற்குள் நிறம் ஏற வேண்டும். எனாமல் என்றால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம். இதில் தப்பு நடந்தால் பூச்சையே சுரண்டி எடுக்க வேண்டும். நாங்கள் இரண்டடிக் காந்தி படத்துக்கே கட்டம் போட்டுத்தான் பெரிதாக்குவோம். இவர் முழு அளவு வரைபடம் எதுவும் ஒட்டாமல், நேரே சுவரில் இறங்கியிருக்கிறார். பிறந்ததிலிருந்தே ஒரு கண் தெரியாது, இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. மூக்கு சுவரில் உரசும் தூரத்தில் நின்று, பத்தடி தள்ளி நின்றால் எப்படித் தெரியும் என்பதை மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். உதவிக்கு நின்ற மாணவர்களில் ஒருவர் மேலே சொன்ன சுப்ரமணியன்.

1950களில் பினோத் பிஹாரிக்கு மிச்சப் பார்வையும் போயிற்று. நிறுத்தவில்லை. காகிதம் வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், இங்கேயே வந்து பாடம் எடுத்தார். 1972இல் கையால் தடவித் தடவிச் செய்த, ஓடு பதித்த சித்திரம் கலாபவனச் சுவரில் இருக்கிறது. அதே வருடம் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர், 1940இல் இங்கே அவரிடம் படிக்க வந்து பாதியில் கிளம்பிப் போன மாணவர் சத்யஜித் ராய்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அவள், "மாமா, தாத்தா உங்கள காலேஜுக்கு அனுப்பியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள். டீ குடிக்கலாம் வா என்றேன்.

டிசம்பர் 4, புதன். கிளம்புகிற நாள்

இங்கே வார விடுமுறை ஞாயிறு இல்லை, புதன். 1891இல் கட்டிய கண்ணாடி மண்டபத்தில் காலையில் வழிபாடு நடக்கும். விக்கிரகம் கிடையாது, பாட்டுதான். வெள்ளை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் ஒரு பாட்டியின் வெள்ளைச் சேலையில் பச்சையும் சிவப்புமாக நகர்ந்தது. முழு நேரமும் அதைத்தான் பார்த்தேன், பாவம் பாட்டி.

2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு கூட்டம் அதிகம் என்கிறார்கள். சோனாஜுரி சந்தைக்கு டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவில் போனேன். அக்காவுக்குக் காந்தா தையல் போட்ட ஒரு துப்பட்டா, பேரம் பேசத் தெரியாமல் சொன்ன விலைக்கு வாங்கினேன்.

மதியம் வண்டி. ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. லித்தோ அச்சுக் கல் ஒன்று அவள் முறைக்கு வந்திருக்கிறதாம், விட்டால் போய்விடும். சரி, அதுவும் சரிதான். பர்தமான் தாண்டியதும் ஒற்றைத் தந்தி ஏக்தாராவோடு ஒரு பாவுல் பாடகர் ஏறினார். பத்து ரூபாய் கொடுத்தேன். அப்போது போனில் படம் வந்தது: என் போர்டு. கீழே அவள் எழுதியிருந்தாள். மேளா கணக்கு முடிக்கும்போது கலை வரலாற்று வாத்தியார் ஒருவர் அதை 200 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டாராம், பணம் நிதியில் சேர்ந்துவிட்டதாம். 'ர'வுக்குப் புள்ளி வைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாள்.

வேண்டாம் என்று அனுப்பினேன்.